பினாங்கு ஜார்ஜ் டவுன்: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒன்றாகக் காதில் விழும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் மிரட்சி தரும் ஊர் கிடையாது. அங்கே ஹொக்கியன் என்ற சீனமொழி, மலாய், தமிழ், ஆங்கிலம். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் தொடங்கிய துறைமுகம் அது. சீனர், மலாய்க்காரர், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், நகரத்தார், அச்சே வணிகர், பர்மியர், சயாமியர், ஆர்மீனியர் எல்லாரும் ஒரே சின்ன முனையில் வீடும் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது.

பழைய நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே இல்லை. அப்படியும் பலர் கையைச் சுட்டுக்கொண்டு திரும்புகிறார்கள் என்றால், பணம் கரைவது மூன்று இடங்களில்: விமான நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவில், விலை கேட்காமல் தட்டில் வாங்கிய கறியில், புழுக்கம் தாங்காமல் கூப்பிட்ட காரில். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் மீதி தானாக அடங்கும்.

கிளம்பும் முன் காகித வேலை

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டி இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

நம் மாவட்டங்களில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஈசிஆர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று காட்டாமல் பாஸ்போர்ட் எடுத்தவர்களின் புத்தகத்தில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு செல்லுபடியாகும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தனி அனுமதி வேண்டாம். ஆனால் பெங்களூரிலோ சென்னையிலோ குடியேற்ற கவுன்டரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, கையில் உள்ள பணம் மூன்றையும் காட்டத் தயாராக இருங்கள். பத்தாம் வகுப்புச் சான்று இருந்தும் ஈசிஆர் விழுந்திருந்தால், பயணத்துக்கு முன்பே மறுவிண்ணப்பம் போட்டு நீக்கிக்கொள்வது நல்லது.

விசா இப்போது வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பின் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒரு முறை சரிபார்க்கவும். விசாவுக்குப் பதிலாக எம்டாக் எனப்படும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மலேசியக் குடியேற்றத் துறையின் தளத்தில், இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம். இதற்குக் கட்டணமே கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்கும். பணம் கேட்கிற தளம் என்றாலே அது தவறான தளம், மூடிவிடுங்கள்.

கோலாலம்பூர் கவுன்டரில் தனியாக வரும் இளைஞர்களிடம் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பார்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், எவ்வளவு பணம் என்பதற்கு நேரான பதில் போதும். போன் சார்ஜ் இறங்கிப்போய்க் கவுன்டர் முன்னால் முழிப்பவர்கள் நிறையப் பேர். விடுதிப் பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘டூரிஸ்டாகப் போய் இறங்கு, வேலை நான் பார்த்துத் தருகிறேன்’ என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்தப் பயணமே வேண்டாம். சுற்றுலா அனுமதியில் வேலை செய்தால் கைது, அபராதம், நாடு கடத்தல்.

எந்த வழி

வழி இரண்டு. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராக இண்டிகோ 2024 டிசம்பரிலிருந்து பறக்கிறது. பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் 350 கிலோமீட்டர் வடக்கே போவது இன்னொன்று. டிக்கெட் விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். கோலாலம்பூர் வழியில் போகவும் வரவும் பஸ், படகு எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய 2,500 ரூபாயும், ஒவ்வொரு பக்கமும் முக்கால் நாளும் போகும். ஆக, நேர் விமானம் 3,000 ரூபாய் அதிகம் என்றாலும் 5 நாள் விடுப்பில் போகிறவருக்கு அதுதான் மலிவு. 10 நாள் கையில் இருப்பவர்கள் கோலாலம்பூர் வழியை எடுத்து அந்த ஊரையும் பார்த்துவிடலாம்.

சென்னை வழி என்றால் ஜோலார்பேட்டை வரை பஸ், அங்கிருந்து ரயில். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் இல்லாத குறை இங்கேதான் உறைக்கும். சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவின் நீலத் தடம் மாறாமல் நேராக விமான நிலையத்தில் விடும். மெட்ரோ நள்ளிரவில் ஓடாது என்பதால் விமானம் எத்தனை மணிக்கு இருந்தாலும் இரவு 9க்குள் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பெங்களூர் வழி என்றால் மெஜஸ்டிக் வரை போகாதீர்கள். ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கினால், வெளிவட்டச் சாலை வழியாகப் போகும் வாயு வஜ்ரா கேஐஏ-8 பஸ் கிடைக்கும். அந்த ஏசி பஸ் காரில் போவதில் கால்வாசிச் செலவுகூட ஆகாது. சில்க் போர்டிலிருந்து விமான நிலையம் மாலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். சர்வதேச விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். ஆக, இரவு 11 மணி விமானத்துக்குக் கிருஷ்ணகிரியை மதியம் 2 மணிக்காவது விட்டாக வேண்டும்.

மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான். முதுகுப்பை, சின்னப்பை இரண்டும் சேர்த்தே 7 என்று கணக்கிடும் விமானங்களும் உண்டு. அதற்கு மேல் போனால் கவுன்டரில் கேட்கும் பணத்துக்கு அங்கே இரண்டு இரவு தங்கலாம். மூன்று செட் துணி போதும். ஜார்ஜ் டவுனில் தெருவுக்குத் தெரு ‘டோபி’ என்று எழுதிய சலவைக் கடை இருக்கிறது, துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து 10 முதல் 14 ரிங்கிட் (மலேசியப் பணம்). ஜீன்ஸ் வேண்டாம். தருமபுரி வெயிலில் வேர்வை உடனே காயும். அங்கே காற்றில் ஈரம் அதிகம், நனைந்த ஜீன்ஸ் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். மாம்பழப் பருவத்தில் போகிறவர்கள் தெரிந்தவருக்கென்று ஒரு பை மல்கோவா கட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் பழமோ செடியோ கொண்டுபோனால் அங்கே பறிமுதல்தான்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு

விமான நிலையத்திலிருந்து டிபிஎஸ் என்னும் தெற்குப் பஸ் முனையத்துக்குப் பஸ் 15 ரிங்கிட் அளவில். அங்கிருந்து பினாங்கு 5 மணி நேரம், 40 ரிங்கிட் வாக்கில். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலும் இருக்கிறது. வேகமானது, விலை கூட, வார இறுதியில் இடம் கிடைக்காது.

பஸ் டிக்கெட்டில் ‘பினாங்கு’ என்று போட்டிருந்தாலும் அது இரண்டு இடங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று பட்டர்வொர்த்: தீவுக்கு எதிர்க்கரையில், பினாங்கு சென்ட்ரல் என்ற நிலையம். மற்றொன்று சுங்கை நிபோங்: பாலம் தாண்டித் தீவுக்குள்ளேயே, ஆனால் பழைய நகரத்திலிருந்து தள்ளி. தீவுக்குள் இறங்குவதுதான் வசதி என்று பலரும் சுங்கை நிபோங் எடுப்பார்கள். நீங்கள் பட்டர்வொர்த் எடுங்கள். நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதையில் போனால் படகுத்துறை. சுமார் 2 ரிங்கிட்டில் கால் மணி நேரத்தில் படகு உங்களை ஜார்ஜ் டவுன் வாசலிலேயே விட்டுவிடும். அங்கிருந்து விடுதிகளுக்கு நடை தூரம். படகில் ரொக்கத்தைவிடக் கார்டுதான் சுலபமாகச் செல்லும், ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

நேர் விமானத்தில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு 401 அல்லது 401இ பஸ். 3 ரிங்கிட்டுக்குள் முடியும், ஒரு மணி நேரம் ஆகும். மூன்று பேர் சேர்ந்து போனால் ஆப்பில் கூப்பிடும் கிராப் காரே மேல். சுமார் 30 ரிங்கிட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கிராப் ஆப்பை ஊரிலேயே நிறுவி, ஓடிபி வரும்போதே பதிவு செய்துவிடுங்கள். அங்கே போய் சிம் மாற்றிய பிறகு நம் எண்ணுக்கு வரும் ஓடிபிக்குத் தவிக்க வேண்டிவரும்.

பணம், போன், பிளக்

கணக்குக்கு ஒரு ரிங்கிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் அன்று குறைவாக இருந்தால் லாபம். பாதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் பாதியை ரொக்கமாகவும் எடுத்துப் போகலாம். தெருக்கடைக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம்தான். விமான நிலையத்தில் மாற்றும் விலை மோசம்; அங்கே 50 ரிங்கிட் அளவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியைப் பழைய நகரின் இந்தியக் கடைத்தெருப் பகுதியான லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். இரண்டு மூன்று கடை ஏறி விலை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிளக் மூன்று சதுரப் பின், பிரிட்டிஷ் மாதிரி. நம் சார்ஜர் நுழையாது. ஓசூரிலோ பெங்களூரிலோ 100, 150 ரூபாய்க்கு அடாப்டர் வாங்கிப் போங்கள். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால்.

தங்கல்

லெபோ சூலியா, லவ் லேன், முந்திரி தெரு, இந்த மூன்றுக்கும் நடுவில் தேடுங்கள். டார்மிட்டரியில் ஒரு படுக்கை 30 முதல் 50 ரிங்கிட். லவ் லேனில் இரவு 1 மணி வரை பார்களின் சத்தம் இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் முந்திரிப் பக்கம் பாருங்கள். இருவராகப் போகிறவர்கள் இரண்டு டார்ம் படுக்கைகளின் விலையைத் தனி அறை விலையோடு ஒப்பிட வேண்டும். பல நேரம் 10 ரிங்கிட்தான் வித்தியாசம்.

இணையத்தில் காட்டும் விலையோடு முடியாது. வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. டார்ம் படுக்கைக்கு இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறுகிறது. 35 ரிங்கிட் படுக்கைக்கு 10 ரிங்கிட் வரி என்பது சின்ன விஷயமா? பதிவு செய்யும் முன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். ஜன்னல் இல்லாத அறைகளும் அங்கே சகஜம், பழைய கடைவீடுகள் குறுகலாக நீண்டு கிடப்பதால் நடு அறைகளுக்கு வெளிச்சம் வராது. ‘ஜன்னல்’ என்ற சொல் விளம்பரத்தில் இல்லையென்றால் ஜன்னல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசம், சீனப் புத்தாண்டு இரண்டுக்கும் படுக்கை விலை ஏறும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் பாதி ஊர் கடை மூடிக்கிடக்கும், முதன்முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். தைப்பூசத்துக்குக் கூட்டம் அலைமோதினாலும் போகலாம். இரண்டு மாதம் முன்பே படுக்கை பிடித்தால் சரி. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம்.

முதல் நாள் நடை

தெருப் பெயர்களில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜாலான் பினாங்கு வேறு, லெபோ பினாங்கு வேறு. முன்னது செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்புக் கடைகள் இருக்கும் பெரிய சாலை, பின்னது லிட்டில் இந்தியாவின் நடுத்தெரு. லெபோ சூலியாவும் லோரோங் சூலியாவும் அப்படியே. ஜாலான் சாலை, லெபோ தெரு, லோரோங் சந்து. மேப்பில் தட்டும்போது முதல் சொல்லையும் சேர்த்துத் தட்டுங்கள். வழி தவறினால் அண்ணாந்து கொம்தார் கோபுரத்தைத் தேடுங்கள். 65 மாடிக்கு மேல், எங்கிருந்தும் தெரியும், அதன் கீழேதான் எல்லாப் பஸ்ஸும் வந்து போகும்.

காலை 9க்குப் படகுத்துறைப் பக்கம் சியூ ஜெட்டியில் தொடங்கலாம். கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தெரு. ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் இன்றும் குடியிருக்கும் இடம் என்பதால் பார்வை நேரம் போட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் எட்டிப்பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பஸ்கள் வந்துவிடும். பலகை நடைபாதையில் ஒதுங்கி நிற்க இடம் இருக்காது.

அங்கிருந்து ஆர்மீனியன் தெரு. 2012இல் எர்னெஸ்ட் ஜகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியத்தின் முன் எப்போதும் வரிசை நிற்கும். பார்த்துவிட்டு நகருங்கள். பக்கத்திலேயே கூ கோங்சி என்ற குலமாளிகை. டிக்கெட் வாங்கி நுழையத் தகுந்த ஒரே இடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவோம். முந்தைய கட்டடம் 1901இல் எரிந்துபோனது. அரண்மனைக்கு மேல் ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வக்கோபம் என்று ஊர் நம்பியது. இப்போது நிற்கும் கட்டடம் 1906இல் முடிந்தது. கூரை முகட்டுப் பீங்கான் உருவங்களைக் கீழே நின்று பத்து நிமிடம் பாருங்கள், நம் கோபுர சுதைச் சிற்பிகளின் சொந்தக்காரர்கள் வேலை போலவே இருக்கும்.

அடுத்த ஒரு கிலோமீட்டர்தான் இந்த ஊரின் சாரம். 1808இல் எழுந்த அச்சே தெருப் பள்ளிவாசல். கொஞ்ச தூரத்தில் 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொய்தீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சாலைக்கும் அந்தப் பெயரே. தொடர்ந்தால் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1833. அதன் பின்பக்கம்தான் இந்தச் சாலையில் தெரியும். மூடியிருக்கிறது என்று நினைத்துப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். சுற்றிக்கொண்டு லெபோ குயீனுக்குப் போனால் கோபுரமும் வாசலும். அடுத்து சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் அம்மன் கோயில், முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். கடைசியில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்னத் தர்கா இருக்கிறது. பெரிய பட்டியல்களில் வராது, விட்டுவிடாதீர்கள்.

இதில் நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். மாரியம்மன் கோயில் நடை மதியம் சாத்திவிடும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில், குறிப்பாக வெள்ளி மதியம், பார்வையாளருக்கு அனுமதி இல்லை. அதனால் காலை 11க்குள் மாரியம்மன் கோயிலை முடித்துவிட்டுப் பின்னோக்கி வருவதும் ஒரு வழி. அரைக்கால்சட்டையோடு போனால் பள்ளிவாசலில் அங்கி கொடுப்பார்கள், வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

நடையை முடிந்தவரை அஞ்சடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையோடு ஓடும் நடைபாதையை அங்கத்தித் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வெயிலும் மழையும் மேலே விழாது. ஆனால் தரை ஒரே மட்டத்தில் இருக்காது: ஒரு கடைக்குப் பூ ஓடு, அடுத்த கடைக்கு அரையடி உயரத்தில் சிமென்ட், நடுவில் மூடியில்லாத சாக்கடை, அதன்மேல் சாய்த்து நிறுத்திய மோட்டார் சைக்கிள். மழையில் பழைய ஓடு எண்ணெய் மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சாண்டல் போடுங்கள்.

கால் வலித்தால் கேட் என்று எழுதிய பஸ்ஸில் ஏறுங்கள். படகுத்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே பழைய நகரைச் சுற்றிவரும் இலவச பஸ். அவசரத்துக்கு ஆகாது, உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நல்லது.

சாப்பாடு: விலை எங்கே ஏறுகிறது

மூன்று வேளைக்கு 30 முதல் 35 ரிங்கிட் தாராளம். காலையில் ரொட்டி சனாய் (நம் பரோட்டா மாதிரி) இரண்டு, தே தாரிக் (ஆற்றிய பால் டீ) ஒன்று: 6 ரிங்கிட்டுக்குள். லிட்டில் இந்தியாவில் இட்லி தோசையும் கிடைக்கும்தான். அவ்வளவு தூரம் போய் அதையே தின்றால் எப்படி? ஒரு வேளை அங்கே, இரண்டு வேளை வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாசி கண்டார் பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் உலகத்துக்குக் கொடுத்த சாப்பாடு. சோறு, மேலே நாம் காட்டும் கறிகள், அதன்மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றுவார்கள். பட்ஜெட் உடைவதும் இதே வரிசையில்தான். விலைப்பலகை இருக்காது. தட்டு நிரம்பிய பிறகு கடைசியில் நிற்பவர் ஒரு பார்வை பார்த்துத் தொகை சொல்வார். கோழி ஒரு துண்டு, வெண்டைக்காய், குழம்பு கலந்து என்றால் 10 முதல் 13 ரிங்கிட். இறால், பெரிய கணவாய், மீன் முட்டை, மீன்தலை இதில் ஒன்றைத் தொட்டாலே 25க்குப் போய்விடும். கரண்டி இறங்கும் முன்பே ‘அண்ணே, இது எவ்வளவு?’ என்று தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் புரியும். பரிமாறுபவர் வங்காளதேசத்துக்காரராக இருந்தால் ‘பெராப்பா?’ போதும். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘பாய்’ என்று கூப்பிடாதீர்கள், மலேசியாவில் அது சீக்கியரைக் குறிக்கும். சீனக் கடையில் அங்கிள், ஆன்ட்டி. மலாய்க்காரரை அபாங், பெண்களைக் காகாக்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘டாகிங்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இறைச்சி என்று பொதுவாகப் பொருள் சொன்னாலும் கடையில் அது மாடுதான். பன்றி தவிர்ப்பவர்கள் சீனக் கடைகளில் கேட்டுச் சாப்பிட வேண்டும். சார் குவே தியாவ் நூடுல்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் வறுக்கிறார்கள், ஹொக்கியன் மீ குழம்பிலும் பன்றி உண்டு. சைவர்களுக்கு இன்னும் நுணுக்கமான சிக்கல்: காய்கறி மட்டும் போட்ட பதார்த்தத்திலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், கீரைப் பொரியலில் நெத்திலி இருக்கும். ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னாலும் விழுதை அவர்கள் மீனாகக் கணக்கில் எடுப்பதில்லை. கலப்பில்லாத சைவம் வேண்டுமென்றால் சீனப் பௌத்தச் சைவக் கடைகளுக்குப் போங்கள். சோற்றின் மேல் மூன்று வகை எடுத்தாலும் 7, 8 ரிங்கிட்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சீனர்களே சைவம் சாப்பிடுவதால் மதியம் 12க்கு முன்பே போனால்தான் வகை மிஞ்சும். பூண்டும் வெங்காயமும் சேர்க்காத கடைகளும் உண்டு.

இரவில் லெபோ சூலியா, கிம்பர்லி தெரு, லோரோங் பாரு ஆகிய இடங்களில் தள்ளுவண்டிகள். மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் கொண்டுவந்து தருவார்கள், தட்டு வந்ததும் காசு. மேசை பெரும்பாலும் பானக் கடைக்காரருடையது. அதனால் ஆளுக்கொரு பானம் வாங்குவது அங்கத்தி முறை. ‘கோப்பி ஓ’ என்னும் பால் இல்லாத காப்பி மலிவானது. பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. பீர் குடிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் செல்லாது, வரி அப்படி.

பாலிக் பூலாவ், ஆயர் ஈத்தாம் பக்கங்களில் அசாம் லக்சா சாப்பிட்டுப் பாருங்கள். புளியும் மீனும் சேர்ந்த புளிப்புக் குழம்பு, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். கடலோரத் திடலான எஸ்பிளனேடில் பாசெம்போர் (வடைத் துண்டுகள் போட்ட சாலட்) வாங்கும்போதும் நாசி கண்டார் எச்சரிக்கைதான்: எடுத்துப் போடும் ஒவ்வொரு வடைக்கும் தனி விலை.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் வைத்துக்கொண்டு விடுதியிலோ, சில சென் காசு போட்டால் நிரப்பித்தரும் தெரு இயந்திரங்களிலோ நிரப்புங்கள். ஒரு நாளைக்கு 3 லிட்டர் தேவைப்படும். பையில் ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து இருக்கட்டும்.

பஸ்ஸில் ஊருக்கு வெளியே

ராபிட் பினாங்கு பஸ்ஸில் டிரைவர் சில்லறை தரமாட்டார். 5 ரிங்கிட் தாளைப் போட்டால் மிச்சம் போனதுதான், காசுகளைச் சேர்த்து வைத்திருங்கள். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும். நேர அட்டவணையை நம்பி இணைப்புப் பயணம் திட்டமிடாதீர்கள், அரைமணி கூடக் குறைய ஆகும்.

10ஆம் எண் பஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறது. வழியில் தண்ணீர்மலை. நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், அதைத் தாண்டி 513 படி ஏறினால் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலும் இங்கேதான். காலை 7க்கு ஏறிவிடுங்கள், 10க்குமேல் படி பாதத்தைச் சுடும். தைப்பூசத்தை ஒட்டி வெள்ளி ரதம் வரும் வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். சீனர்களும் வரிசையில் நின்று உடைப்பார்கள். 1884இல் தொடங்கிய பூங்காவுக்கு டிக்கெட் இல்லை. குரங்குகள் உண்டு, பாலித்தீன் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

பினாங்கு மலைக்கு 204ஆம் எண். சரிவு ரயிலில் வெளிநாட்டவருக்குப் போய்வர 30 ரிங்கிட். பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் 5 கிலோமீட்டர் ஏறினால் செலவில்லை. செங்குத்து, இரண்டரை மணி நேரமாவது ஆகும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். ஏறிவிட்டு, இறங்க மட்டும் ரயில் எடுப்பது நடுவழி. மேலே மேகம் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. கிளம்பும் முன் கீழிருந்து முகட்டைப் பாருங்கள். முகடு தெரியவில்லையென்றால் 30 ரிங்கிட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அதே பக்கம் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயிலுக்குப் போங்கள். 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை, வளாகத்துக்கு டிக்கெட் இல்லை, அடுக்குக் கோபுரத்துக்கும் லிஃப்டுக்கும் மட்டும் சில ரிங்கிட்.

101ஆம் எண்ணில் பூலாவ் தீக்கூஸ். ஒரே சந்தில் எதிரெதிராகப் பர்மியக் கோயில், தாய்க் கோயில். தாய்க் கோயிலில் 33 மீட்டர் நீளத்தில் சயனப் புத்தர். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும். அதே பஸ்ஸில் தொடர்ந்தால் பத்து ஃபெரிங்கி கடற்கரை. கடல் பார்க்காதவர்கள் போகலாம், மற்றவர்களுக்கு அந்த நேரம் பழைய நகரில் இன்னும் பயன்படும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

படுக்கை 40, வரி வந்தால் 10, சாப்பாடு 35, பஸ் 7, டிக்கெட்டுகள் சராசரி 15, தண்ணீர், சலவை, சில்லறை 8. கூட்டினால் 115 ரிங்கிட், ரூபாயில் 2,500 சொச்சம். நாலு நாளுக்கு 10,000. நேர் விமானம் கூட்டம் இல்லாத மாதத்தில், முன்கூட்டிப் பதிவு செய்தால் போகவர 15,000 முதல் 20,000 வரை வரும். ஆக 30,000க்குள் முடிக்கலாம். இதற்கு மேல் 5,000 அவசரத்துக்குக் கார்டில் தொடாமல் இருக்கட்டும். பயணக் காப்பீடு சில நூறு ரூபாய்தான், எடுத்துவிடுங்கள். அங்கே தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் படுத்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் கவிழும்.

திரும்பும்போது

கோலாலம்பூரில் விமானம் ஏறுகிறவர்கள் பஸ்ஸை விமான நேரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் முன்னால் எடுங்கள். ஐந்து மணிப் பயணம் ஞாயிறு மாலையிலும் பள்ளி விடுமுறை முடிவிலும் எட்டு மணி ஆகும். மிச்சச் சில்லறையைக் கடைசிநாள் சலவைக்கும் சாப்பாட்டுக்கும் தீர்த்துவிடுங்கள், ஊரில் ரிங்கிட் காசை யாரும் மாற்றித்தரமாட்டார்கள். ஜாதிக்காய் மிட்டாயும் வெள்ளைக் காப்பித்தூளும் வாங்குவதானால் 7 கிலோ கணக்கை மறக்காதீர்கள். விடுதிகளில் தராசு இருக்கும், கிளம்பும் முன் பையைத் தூக்கி வையுங்கள்.

பெங்களூரில் நள்ளிரவில் இறங்கினாலும் கவலை இல்லை. கேஐஏ-8 பிடித்து சில்க் போர்டில் இறங்கினால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் பஸ்கள் இரவு முழுக்க வந்துகொண்டிருக்கும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்: சில விரைவு பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்.